அவசர சிகிச்சை மருத்துவரின் பட்டங்களை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அருகில் உள்ள தனியார் மருத்துவமனையின் பலகையில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ்., எம்.இ.எம்., எம்.ஆர்.சி.இ.எம்., ஏ.சி.எல்.எஸ். என்று நீளமாகப் போட்டிருக்கிறார்கள். அவர் வேறு இரண்டு மருத்துவமனைகளிலும் ஆலோசகராம். இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது? நம்பிப் போகலாமா?

பதில்: பட்டங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் பதிவு எண்ணைத் தேடுங்கள். மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, மாநில மருத்துவ கவுன்சில் தந்த பதிவு எண்ணை மருத்துவர் தம் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும். அந்த மருத்துவமனையின் பழைய சீட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கையெழுத்தின் கீழே ரப்பர் முத்திரையில் பெயரும் அதன் கீழே எண்ணும் இருக்கும். பல நேரம் மை பரவிக் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியாது. அப்படியானால் வரவேற்பில் கேளுங்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை.

எண் கிடைத்ததும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்திலோ, தேசிய மருத்துவ ஆணையம் வைத்திருக்கும் இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ தேடலாம். மேற்படிப்பு சில நேரம் பதிவேட்டில் ஏறாமல் இருக்கும். அதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண்ணே இல்லை, அல்லது அது வேறொருவர் பெயரில் இருக்கிறது என்றால் பேசாமல் இருக்கக் கூடாது. கவுன்சில் அலுவலகம் அரும்பாக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள்.

இனி அந்த எழுத்துகள். நம் நாட்டில் அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று ஆண்டுகள் படிக்கும் எம்.டி., அதற்கு இணையான டி.என்.பி. ஆகிய இரண்டும் இத்துறையில் அங்கீகாரம் பெற்ற மேற்படிப்புகள். துறைத் தலைவராக இருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம் இந்தப் பட்டம் இல்லாமல் பொது மருத்துவத்திலோ மயக்கவியலிலோ எம்.டி. இருந்தால் சந்தேகப்படாதீர்கள். அவர் படித்த காலத்தில் இந்தப் படிப்பே இல்லை.

எம்.இ.எம். என்பது தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் பயிற்சி. தேசிய ஆணையத்தின் மேற்படிப்புப் பட்டியலில் அது கிடையாது. ஆனால் எம்.டி. இடங்கள் போதாமல் இருந்த ஆண்டுகளில் பல அவசரப் பிரிவுகளை இரவும் பகலும் தாங்கி நின்றவர்கள் இந்தப் பயிற்சி பெற்றவர்கள்தான். நானும் அவசர சிகிச்சை மருத்துவர்தான்; அவர்களோடு வேலை செய்திருக்கிறேன். அவர்கள் கைத்திறமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். எம்.ஆர்.சி.இ.எம். பிரிட்டனின் அவசர மருத்துவ ராயல் கல்லூரி நடத்தும் கடினமான தேர்வு. அதில் தேறுவது பெரிய காரியம். ஆனாலும் அது மட்டுமே இங்கே எம்.டி.யாகப் பதிவாகிவிடாது. ஏ.சி.எல்.எஸ். என்பதோ இதயம் நின்றுபோனால் செய்ய வேண்டியதைக் கற்றுத்தரும் ஓரிரு நாள் பயிற்சி. அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். எங்கள் துறையில் எல்லோரிடமும் அது இருந்தாக வேண்டும்; பட்டம்போல் பலகையில் எழுதுவது சரியல்ல.

உங்கள் அப்பாவுக்கு இதைவிட முக்கியமானது அடுத்த விஷயம். ஓர் அறுவை மருத்துவர் மூன்று மருத்துவமனைகளில் வருகை ஆலோசகராக இருப்பது இயல்பு. நாள் குறித்து, வந்து செய்துவிட்டுப் போவார். நாங்களோ ஷிப்டில் வேலை செய்கிறவர்கள். பலகையில் உள்ளவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் ஒரு நாளின் 24 மணி நேரமும் அவரால் அங்கே நிற்க முடியாது.

ஓர் இரவு, மணி இரண்டைத் தாண்டியிருக்கும். சட்டை முழுக்க வியர்த்து நனைந்த பெரியவர் ஒருவரை மகன் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். படுக்கவைக்கப் போன செவிலியரிடம் செல்போனை நீட்டினார். அதில் எங்கள் துறைத் தலைவரின் படம். “இவரைக் கூப்பிடுங்கள், வேறு யாரும் தொடக் கூடாது” என்றார். நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அன்று பேசிப் புரியவைப்பதற்குள் ஏறக்குறைய அந்த நேரம் முழுதும் போய்விட்டது. அந்த மகன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஒரு பெயரைப் பலகையில் பெரிதாக எழுதி அவரை அப்படி நினைக்க வைத்தவர்கள் நாங்கள்தான்.

அதனால் அப்பா நன்றாக இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவுக்குள் மேற்படிப்பு முடித்தவர் இருப்பாரா, அல்லது இளம் டியூட்டி டாக்டர் இருந்து, மூத்தவரைப் போனில்தான் அழைப்பாரா? இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தால் அந்த நேரத்தில் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் அங்கேயே இயங்குமா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா? அனுப்புவார்கள் என்றால் எங்கே, யாருடைய ஆம்புலன்சில்? நேரான பதில் வந்தால் நம்பிப் போகலாம். “எல்லாம் பார்த்துக்கொள்வோம்” என்று மட்டும் சொன்னால் அடுத்த மருத்துவமனையிலும் விசாரித்துவையுங்கள். அங்கே அவசர மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. மாணவர்கள் படிக்கிறார்கள் என்றால் அது நல்ல அடையாளம். சொல்லித்தரும் மூத்தவர்கள் இல்லாமல் அந்த இடங்களுக்கு அனுமதி கிடைக்காது.

கூடவே ஒரு வேலை. அப்பாவின் கடைசி இ.சி.ஜி., ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகிய மூன்றையும் படம் எடுத்து வீட்டில் எல்லோருடைய செல்போனிலும் வைத்துவிடுங்கள். அன்றிரவு பணியில் இருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது பழைய இ.சி.ஜி.யைத்தான்.