உணர்ச்சியை அறியும் கணினி: பிஎச்.டி. மாணவிக்கு வாய்ப்பு எங்கே?

கேள்வி: தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் முழுநேர பிஎச்.டி., இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேச்சுக் குரலை வைத்து உணர்ச்சியைக் கண்டறிவது என் தலைப்பு. பெர்லின் டேட்டாவில் என் மாடல் 94 சதவீதம் சரியாகச் சொல்கிறது. கைடு நல்லவர்தான், ஆனால் அவருடைய துறை இமேஜ் பிராசஸிங். இந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. "ஐரோப்பாவில் இதைத் தடையே செய்துவிட்டார்களாமே" என்று நண்பர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். தலைப்பை மாற்றிவிடலாமா?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தலைப்பை மாற்ற வேண்டாம்.

முதலில் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அதில் பாதிதான் உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி, 2025 பிப்ரவரி 2 முதல் வேலையிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் ஆட்களின் முகம், குரல் போன்றவற்றைக் கொண்டு உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளுக்குத் தடை இருக்கிறது. மருத்துவக் காரணங்களுக்கும் பாதுகாப்புக் காரணங்களுக்கும் விலக்கு உண்டு. ஆராய்ச்சிக்கென்றே உருவாக்கும் மாடல்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. என்னைக் கேட்டால், நியாயமான சட்டம். 2019-லேயே உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, முகத்தை மட்டும் வைத்து ஒருவருடைய உணர்ச்சியை நம்பிக்கையாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். 2022-ல் மைக்ரோசாஃப்ட் தன் முகம் அறியும் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொண்டது. முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவோம் என்ற வியாபாரத்துக்குத்தான் அடி. கவனமாக வேலை செய்கிறவர்களுக்கு இப்போதுதான் மதிப்புக் கூடியிருக்கிறது.

இனி உங்கள் 94 சதவீதத்துக்கு வருகிறேன். எந்த வாய்ப்புக்கு விண்ணப்பித்தாலும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். பெர்லின் டேட்டா என்பது பத்து நடிகர்கள் எதிரொலி இல்லாத அறையில் பேசிப் பதிவு செய்தது. மொத்தம் 535 ஒலித்துண்டுகள், பத்தே வாக்கியங்கள். "துணி ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது" என்ற பொருள்படும் ஒரு ஜெர்மன் வாக்கியத்தை ஒருமுறை கோபமாக, ஒருமுறை சோகமாக, ஒருமுறை பயந்துபோய்ச் சொல்லியிருப்பார்கள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு கலந்து பிரித்தால், ஒரே நடிகரின் குரல் பயிற்சியிலும் இருக்கும், தேர்விலும் இருக்கும். அப்போது மாடல் கோபத்தைக் கற்றதா, அந்த ஆளின் குரலைக் கற்றதா என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு நடிகரை முழுக்க ஒதுக்கி வைத்து, மற்ற ஒன்பது பேரை வைத்துப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். இதுவரை அப்படிச் செய்யவில்லை என்றால் எண் இறங்கும், இறங்கட்டும். வெளியே காட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

சரி, யாரிடம் கேட்பது? உங்களைப் போல வழிகாட்ட ஆள் இல்லாத மாணவர்களுக்கு உதவுவது டாக்டோரல் கன்சார்ஷியம், அதாவது மாநாடுகளில் பிஎச்.டி. மாணவர்களுக்கென்று நடக்கும் தனி அமர்வு. இந்தத் துறையின் முக்கிய மாநாடான ஏசிஐஐ 2005-ல் பெய்ஜிங்கில் தொடங்கியது, இப்போது ஆண்டுதோறும் நடக்கிறது. அதிலும், குரல், முகம், சைகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கான ஐசிஎம்ஐ மாநாட்டிலும் இந்த அமர்வு உண்டு. நீங்கள் மட்டும் ஆசிரியராக இருந்து சில பக்கங்கள் எழுத வேண்டும்: என்ன கேள்வி, ஏன் அந்தக் கேள்வி, இதுவரை என்ன செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். முடிந்த ஆராய்ச்சியை அங்கே எதிர்பார்ப்பதில்லை. பாதி வழியில் இருப்பவர்களுக்குத்தான் அது, அதனால் இரண்டாம் ஆண்டு சரியான நேரம். வழக்கமாக மூத்த ஆய்வாளர் ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசுவார். உங்கள் கல்லூரியில் கிடைக்காதது இதுதான். பயணச் செலவு பெரியதுதான். கட்டுரை ஏற்கப்பட்டதும், ஏசிஎம் இந்தியா–ஐஏஆர்சிஎஸ் என்ற கணினித் துறை அமைப்புகள் தரும் பயண உதவிக்கும், மாநாட்டுக்காரர்களே தரும் மாணவர் உதவித்தொகைக்கும் எழுதிப் போடுங்கள்.

அங்கே எதைக் கொண்டுபோவது என்பதில்தான் எனக்கு உங்கள் மேல் பெரிய நம்பிக்கை. தமிழ் எழுத்தில் உணர்ச்சியைக் கண்டறிய தமிழ்எமோ என்ற தொகுப்பு வந்துவிட்டது. 42,000-க்கும் மேற்பட்ட யூடியூப் கருத்துகள், 31 வகை லேபிள்கள், அதாவது உணர்ச்சிப் பெயர்கள். 2022-ல் திராவிட மொழித் தொழில்நுட்பப் பட்டறையில் தமிழ் உணர்ச்சிப் பகுப்பாய்வுக்குப் போட்டியே வைத்தார்கள். இயல்பான தமிழ்ப் பேச்சுக்குத்தான் பஞ்சம். உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைச் சென்னையில் ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், என்ன சண்டை என்று கேட்பார். அதே ஒலித்துண்டுக்கு நாகர்கோவில்காரர் ஒரு லேபிள் போடுவார், சென்னைக்காரர் வேறு போடுவார். பலர் பெரும்பான்மை ஓட்டை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தூக்கிப் போடாதீர்கள். யார் கேட்டால் என்ன உணர்ச்சி தெரிகிறது, ஏன் வேறுபடுகிறது என்பதே ஒரு முழு ஆய்வேடு. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பேசியவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். உங்கள் கல்லூரியில் அப்படியொரு குழு இல்லையென்றால் மருத்துவக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து செய்யலாம். அப்படியே உளவியல் படித்த ஒருவரை இணை வழிகாட்டியாகக் கேட்டுப் பாருங்கள்.

பிஎச்.டி. பதிவை இங்கேயே வைத்துக்கொண்டு வெளிநாட்டு லேபில் சில மாதம் இருந்துவர ஃபுல்பிரைட்–நேரு டாக்டோரல் ஃபெலோஷிப் இருக்கிறது, ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில். பிரிட்டனுக்கு காமன்வெல்த் ஸ்ப்ளிட்-சைட் உதவித்தொகை, பன்னிரண்டு மாதம் வரை. இதுபோன்ற விண்ணப்பங்களில் அங்குள்ள பேராசிரியரின் அழைப்புக் கடிதம்தான் பலம். இன்னும் பிஎச்.டி. சேராத ஜூனியர்கள் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க்குகளைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த நாட்டவரும் போடலாம், ஸ்டைபண்ட் என்றில்லாமல் சம்பளமாகவே வரும்.

வேலையைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். எம்ஐடி ஆய்வகத்திலிருந்து 2009-ல் பிறந்த, உணர்ச்சியை அறியும் மென்பொருள் செய்த அஃபெக்டிவா நிறுவனத்தை 2021-ல் வாங்கியது, ஓட்டுநரின் கண்ணைக் கவனிக்கும் ஸ்மார்ட் ஐ என்ற ஸ்வீடன் நிறுவனம். 2024 ஜூலை முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் வசதி கட்டாயம். களைப்பு, வலி போன்றவற்றை முன்பு சொன்ன செயற்கை நுண்ணறிவுச் சட்டம் உணர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

பேராசிரியர்களுக்கு எழுதும் மெயில் பற்றி ஒரு வார்த்தை. குரலில் உணர்ச்சி என்றால் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்ரீகாந்த் நாராயணன் ஆய்வகம், நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர் அவர். ஐஈமோகேப் என்ற புகழ்பெற்ற உணர்ச்சிப் பேச்சு டேட்டா அங்கே உருவானதுதான். முகமும் உடலசைவும் என்றால் கேம்பிரிட்ஜில் ஹாதிஜே குனேஷ். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டலில்" என்று பத்துப் பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதே முறையை உங்கள் தமிழ் ஒலித்துண்டுகளில் ஓட்டியபோது எங்கே தவறியது என்று எட்டு வரியில் எழுதி, அப்படித் தவறிய ஒலித்துண்டுகள் இரண்டையும் இணைத்து அனுப்புங்கள். பேசியவர்களின் சம்மதப் படிவத்தில் வெளியாரோடு பகிர அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணையுங்கள். கைடுக்கும் ஒரு நகல் போகட்டும்.