புற்றுநோய் மருந்துக்குக் கண்ணில் என்ன வேலை?

கேள்வி: கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்காக என் தந்தைக்கு டிராபெகுலெக்டமி அறுவை செய்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மைட்டோமைசின்-சி, 2 நிமிடம்’ என்றிருக்கிறது. அது புற்றுநோய் மருந்தாமே? கண்ணைக் கெடுத்துவிடாதா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: புற்றுநோய்க்கும் தருகிற மருந்துதான். இந்த அறுவையில், கண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேற வெள்ளை விழியில் சிறு வழி திறந்து, அது மேலிமைக்கு அடியில் மெல்லிய கொப்புளமாகச் சேரும்படி செய்கிறார்கள். உடம்போ அந்த வழியைக் காயமென்றே கருதித் தழும்பு கட்டி அடைக்கப் பார்க்கிறது. அடைத்துவிட்டால் கண் அழுத்தம் மீண்டும் ஏறும். தழும்பு கட்டும் செல்கள் பெருகாதபடி அவற்றின் மரபணு இழைகளைப் பிணைத்து முடக்குவதே மைட்டோமைசினின் வேலை. மருந்தில் நனைத்த பஞ்சுத் துண்டுகளை அந்த இடத்தில் சில நிமிடம் வைத்து, எடுத்த பிறகு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கண்ணுக்குள் வழி திறப்பார்கள். ஏனெனில் மருந்து உள்ளே புகுந்தால், கருவிழியின் உட்புறத்திலுள்ள, மீண்டும் வளராத செல்கள் அழியக்கூடும். முடி உதிர்வது போன்ற கீமோதெரபித் தொல்லைகளுக்கு இந்தச் சிறு அளவில் இடமில்லை.

உண்மையான கேடு, மருந்து தன் வேலையை அளவுக்கு மீறிச் செய்துவிடுவதில் இருக்கிறது. கொப்புளத்தின் சுவர் சில கண்களில் ரத்த ஓட்டமே இல்லாமல் வெங்காயத் தோல்போல் வெளிறி மெலிந்து, நீரைக் கசிய விடும். மஞ்சள் சாயத்தாளை அதன்மேல் தொட்டு நீல ஒளியில் பார்த்தால், கசியும் இடத்திலிருந்து பச்சை நிறத்தில் ஒரு கோடு இறங்குவது மருத்துவருக்குத் தெரியும். கண் அழுத்தம் 6 மி.மீ. பாதரச அளவுக்கும் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் விழித்திரையின் மையத்தில் மடிப்பு விழுந்து பார்வை மங்கலாம்; இது இளவயதினருக்கும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் அதிகம். அறுவைக்குப் பின் ஊசியாகப் போடப்படும் ஃபுளுரோயுராசில் என்ற மற்றொரு மருந்து கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கி உறுத்தலும் நீர் வடிதலும் தரும். நிறுத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது, மெலிந்த சுவர் வழியே கிருமி புகுவது. முதல் வாரம் கடந்துவிட்டது என்று நிம்மதியடைய முடியாது. பல ஆண்டுகள் கழித்தும் இது வரக்கூடும், கண் முழுவதும் பரவினால் ஓரிரு நாட்களில் பார்வையே போகலாம். எனவே சிவப்பு, வலி, பீளை, திடீர் மங்கல் என எது தோன்றினாலும், வீட்டில் மீந்திருக்கும் சொட்டு மருந்தை விட்டுப் பார்க்காமல், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து இல்லாமலே செய்திருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் தழும்பால் வழி அடைபட்டு, அதனால் இழக்கும் பார்வை திரும்பாது என்பதால், அளவறிந்து பயன்படுத்துவதே சரி என்பது என் கருத்து. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளை வேறொரு மருத்துவர் அதே கண்ணில் புரை அறுவை செய்ய நேர்ந்தால், அவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.