கேப் கழன்று வந்துவிட்டதா? முதலில் அதன் உட்புறத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 54, சர்க்கரை நோய் உண்டு. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ஆறு வருடம் முன்பு ரூட் கெனால் செய்து கேப் போட்டேன். நேற்று ராத்திரி கடலை மிட்டாய் சாப்பிடும்போது கேப் அப்படியே கழன்று வந்துவிட்டது. வலி இல்லை. நாளை மறுநாள் மகளின் வளைகாப்புக்குத் திருச்சி போகிறேன், திரும்பி வர எட்டு நாளாகும். அதுவரை ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொள்ளலாமா? இதே கேப்பை மறுபடியும் போட முடியுமா, புதிதாகத்தான் செய்ய வேண்டுமா?

பதில்: ஃபெவிக்விக் வேண்டாம். கேப்பைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒரு நாள் இருக்கிறது. காலையிலேயே உங்கள் பல் டாக்டருக்கு போன் செய்து, கேப் கழன்றுவிட்டது, மறுநாள் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். தற்காலிகமாக ஒட்டிக்கொடுக்கக் கால் மணி, அரை மணி நேரம் போதும் என்பதால் பெரும்பாலும் நடுவில் எப்படியாவது பார்த்துவிடுவார்கள். அவர் ஊரில் இல்லையென்றால் திருச்சியில் எந்தப் பல் டாக்டரிடமும் இதைச் செய்துகொள்ளலாம். போட்டவர்தான் ஒட்ட வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ரூட் கெனாலில் பல்லின் நரம்பை எடுத்துவிடுகிறோம். அந்தப் பல்லுக்குள் சொத்தை விழுந்தாலும் கூச்சமோ வலியோ தெரியாது. நடுவே குடைந்து நிரப்பிய பல் என்பதால் அதன் சுவர்களும் மெலிந்தவை. கேப் இல்லாமல் அந்தப் பக்கம் அழுத்திக் கடித்தால் ஒரு சுவர் பெயர்ந்து வரலாம். விரிசல் வேர் வரை இறங்கிவிட்டால் அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. இன்று வெறும் ஒட்டு வேலையாக இருப்பது ஒரே கடியில் பல்லையே இழப்பதில் போய் முடியலாம். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறோம்.

இப்போது கேப்பைக் கையில் எடுங்கள். கழுவுவதற்கு முன் வாஷ்பேசின் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள், அல்லது ஒரு கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கழுவுங்கள். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் அதன் உட்புறத்தைப் பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்ற முடிவில் பாதியை அந்தக் குழியே சொல்லிவிடும்.

உள்ளே வெறும் குழியாக இருந்து, சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு படலம் ஒட்டியிருந்தால் நல்ல செய்தி. அது பழைய சிமெண்ட். வாய்க்குள் நாக்கால் தடவினால் செதுக்கிய பல் குட்டையான முளைபோல, வழுவழுவென்று உறுதியாக நிற்கும். இந்த நிலையில் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒட்டு மட்டும்தான் விட்டிருக்கிறது. இதே கேப்பைத் திரும்பப் போட நல்ல வாய்ப்பு உண்டு.

குழி நிரம்பியிருக்கிறதா? பல் நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ ஒரு கட்டி உள்ளே அடைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆணிபோல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கேப் தனியாகக் கழலவில்லை. அதைத் தாங்கிய பல்லோ, பல்லுக்குள் கட்டிய அடைப்போ முறிந்து கேப்போடு வந்திருக்கிறது. இதை வீட்டில் திரும்பச் செருகவே கூடாது. அந்த ஆணியை வேருக்குள் தள்ளிக் கடித்தால் வேர் பிளக்கும்.

உள்ளே பழுப்பாக, நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்கு மெத்தென்று இருந்து கெட்ட வாடையும் வந்தால், கேப்பின் ஓரத்தில் இடைவெளி விழுந்து உள்ளே சொத்தை பரவியிருக்கிறது என்று பொருள். உங்கள் விஷயத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆறு வருடம் நன்றாக ஒட்டியிருந்த கேப்பை ஒரு கடலை மிட்டாய் கழற்றுவது அபூர்வம். ஓரத்தில் சிமெண்ட் கரைந்து எச்சில் உள்ளே போய்வரத் தொடங்கிய பிறகு, கடைசி இழுப்பைத்தான் மிட்டாய் கொடுத்திருக்கும். சில மாதங்களாக அந்தப் பக்கம் சாப்பாடு சிக்கியதா, உறிஞ்சினால் ஒரு மாதிரி ருசி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வாய் உலர்ந்துபோகும், கேப்பின் ஓரச் சொத்தை அதில் இன்னும் வேகம் பிடிக்கும்.

பார்த்து முடித்ததும் கேப்பை ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். டிஷ்யூ பேப்பரில் மடித்து வைக்காதீர்கள். கேப் தொலைவதே பெரும்பாலும் அப்படித்தான், யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

இனி ஃபெவிக்விக். பலரும் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆகவே ஏன் கூடாது என்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். அது ஈரம் பட்டவுடன் சில நொடிகளில் இறுகும். வாய்க்குள் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. கேப் முழுதாக உட்காரும் முன் இறுகிவிட்டால் அரை மில்லிமீட்டர் உயரமாக நிற்கும். கேட்பதற்குச் சின்ன அளவு, ஆனால் மூடும்போதெல்லாம் அந்த ஒரு பல்லே முதலில் இடிபட்டு, வேரைச் சுற்றிய சவ்வு வீங்கி வலி எடுக்கும். ஈறில் பட்டால் புண்ணாகும். கேப்பின் உள்சுவரிலும் பல்லிலும் கெட்டியாகப் படியும் பசையை நாங்கள் சுரண்டி எடுக்க வேண்டிவரும். அந்தச் சுரண்டலில் கேப்பின் பொருத்தம் கெட்டு, திரும்பப் போடக்கூடிய கேப்பும் வீணாகிறது.

நாளைக்கு டாக்டர் கிடைக்கவே இல்லை, கேப்பின் உட்புறமும் முதலில் சொன்ன மாதிரி வெறும் குழிதான் என்றால் மட்டும் இப்படிச் செய்யலாம். மெடிக்கல் ஷாப்பில் பல்செட் ஒட்டும் கிரீம் கேளுங்கள். பல் குச்சியால் கேப்பின் உள்ளே உதிர்கிற சிமெண்ட் துணுக்குகளை மட்டும் தட்டிவிடுங்கள். ஊசி, கத்தி வேண்டாம். முளைப் பல்லை மென்மையான பிரஷால் தேய்த்து, பஞ்சால் ஒற்றி உலர்த்துங்கள். கிரீம் இல்லாமலே கேப்பை ஒருமுறை வைத்துப் பாருங்கள். அது ஒரே ஒரு திசையில்தான் சரியாக உட்காரும், பலவந்தம் தேவைப்பட்டால் திசை தவறு. மெல்லக் கடித்தால் மற்றப் பற்களும் வழக்கம்போல ஒன்றோடொன்று சேர வேண்டும். சேர்கிறது என்றால் எடுத்து, உள்ளே மிளகு அளவு கிரீமைச் சுவரெல்லாம் மெல்லிசாகத் தடவி உட்கார வைத்து, மேலே பஞ்சு வைத்து ஓரிரு நிமிடம் கடித்துக்கொள்ளுங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ராத்திரி படுக்கும் முன் கண்டிப்பாகக் கழற்றி டப்பாவில் வைக்க வேண்டும். தூக்கத்தில் கழன்றால் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. இதுவும் ஓரிரு நாள் சமாளிக்கத்தான். கேப் ஆட்டம் காண்கிறது, நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆடுகிற கேப்போடு இருப்பதைவிடக் கேப் இல்லாமல் கவனமாக இருப்பது மேல்.

ஒட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் வலப்பக்கமே மெல்லுங்கள். வளைகாப்பில் சித்ரான்னங்களால் பிரச்சினை இல்லை. முறுக்கு, சீடை, அதிரசம் வேண்டாம். அவை எல்லாவற்றையும்விட ஆபத்து தாம்பூலத்தில் வரும் கொட்டைப்பாக்கு. கேப் இல்லாத பல்லை இரண்டாகப் பிளக்க ஒரு பாக்குத் துண்டு போதும். காலையும் ராத்திரியும் அந்த முளைப் பல்லைச் சுற்றி ஈறோரமாகப் பிரஷ் செய்யுங்கள். பயந்து விட்டுவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பிறகு ஒட்டுவதற்கே அது தடையாகும்.

டாக்டரிடம் போனால் முதலில் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ரூட் கெனால் அடைப்பு சரியாக இருக்கிறதா, வேர் நுனியில் கிருமித் தொற்றைக் காட்டும் கருநிழல் தெரிகிறதா, ஓரத்தில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்காமல் நிரந்தரமாக ஒட்டுவது கண்ணை மூடிக்கொண்டு மூடி போடுவதற்குச் சமம். ஊருக்குப் போகும் அவசரத்தில் தற்காலிக சிமெண்ட் போட்டால், அது எந்த வகை என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிராம்பு எண்ணெய் வாசம் வரும் யூஜினால் கலந்த சிமெண்டாக இருந்தால், பிறகு ரெசின் என்னும் பிளாஸ்டிக் வகை சிமெண்டால் ஒட்டும்போது அதன் மிச்சம் ரெசினைச் சரியாக இறுக விடாது. அடுத்து ஒட்டுகிறவருக்குத் தெரிந்தால் சுத்தமாக நீக்கிவிட்டு ஒட்டுவார்.

நிரந்தரமாக ஒட்டும்போது கேப்பின் உட்புறத்தை அலுமினியம் ஆக்சைடு பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வது நல்ல முறை. சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகை கேப் என்றால் இது மிக முக்கியம். எச்சிலில் உள்ள பாஸ்பேட் சிர்கோனியாவில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் கழுவினால் போகாது. அதன் மேலேயே ரெசின் சிமெண்ட் வைத்தால் பிடிப்பு குறையும். பிறகு நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். அப்போது உயரமாகத் தோன்றினால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அன்றே தேய்த்துச் சரிசெய்வது எளிது. ஒட்டிய பிறகு 24 மணி நேரம் பிசுபிசுப்பான, கடினமான பண்டங்களைத் தவிருங்கள்.

இதே கேப்பா, புதிதா? உங்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மரத்தை அது பிடித்திருப்பதால்தான் பாரத்தில் சக்கரம் விரிவதில்லை. கேப் செய்யும் வேலையும் அதுவே. பட்டா பிடிக்க மரம் வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல் நல்ல நிலையில் இருந்தால் கேப் அதைப் பிடித்து நிற்கும். இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த சிமெண்ட் போட்டாலும் திரும்பக் கழலும். ஆகவே டாக்டரிடம் "எந்த சிமெண்ட்?" என்று கேட்பதற்கு முன் "சுற்றிலும் எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

பல் போதுமான அளவு இருக்கிறது, சொத்தை இல்லை, கேப்பில் விரிசலோ மெல்லும் பக்கத்தில் தேய்ந்து விழுந்த ஓட்டையோ இல்லை, ஓரம் இடைவெளியின்றி உட்காருகிறது என்றால் பழைய கேப்பே போதும், புதிதுக்குச் செலவு செய்யாதீர்கள். கொஞ்சம் சொத்தை இருந்தால் அதை எடுத்துவிட்டு, அடைப்பு கட்டி, புது அளவெடுத்துப் புது கேப் போட வேண்டியிருக்கும். சொத்தை எடுத்த இடத்தில் பழைய கேப் பொருந்தாது. பல் ஈறு மட்டத்துக்குப் போய்விட்டால் ஈறையும் எலும்பையும் சற்றுக் கீழிறக்கும் சின்ன அறுவை சிகிச்சை செய்து உயரம் உண்டாக்கலாம். கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் இடம் வெளியே தெரிந்துவிடும் என்றால் அதுவும் சரிவராது. அந்த நிலையில் பல்லை எடுத்துவிட்டு தாடை எலும்பில் திருகுபோல் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளான்ட் பற்றி யோசிப்பதே நேர்மையான ஆலோசனை. அதற்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஒருமுறை ஒட்டிய கேப் சில மாதத்தில் மறுபடி கழன்றால் மூன்றாவது முறை ஒட்டச் சொல்லாதீர்கள். முளை குட்டையாக இருக்கலாம், கடி உயரமாக இருக்கலாம், ராத்திரி பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

திறந்து கிடப்பது எட்டு நாள் என்பது வேறு, எட்டு மாதம் என்பது வேறு. மாதக்கணக்கில் எச்சில் பட்டுக்கொண்டே இருந்தால் கிருமிகள் ரூட் கெனால் அடைப்புக்குள் இறங்கி, அந்த சிகிச்சையையே முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். எதிர்ப்பல் வெற்றிடம் நோக்கி இறங்கும், பக்கத்துப் பற்கள் சாயும், பழைய கேப் உள்ளே போகவே போகாது.

உங்களுடையதுபோல் இல்லாத சில நிலைகளும் உண்டு. ரூட் கெனால் செய்யாத, உயிருள்ள பல்லில் கேப் கழன்றால் குளிர்ந்த தண்ணீரும் காற்றும் பட்டுச் சுள்ளென்று கூசும். பஞ்சில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயைத் தொட்டு ஈறில் படாமல் பல்லில் மட்டும் வைக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிவைக்கும் பழைய வைத்தியம் ஈறையும் கன்னத்தையும் வேகவைத்துவிடும். இரண்டு மூன்று பல் சேர்ந்த பிரிட்ஜில் ஒரு முனை மட்டும் விட்டிருந்தால் இழுத்துக் கழற்றாதீர்கள், மறுமுனைப் பல் உடையலாம். இம்ப்ளான்ட் மேல் போட்ட கேப் ஆடினால் பெரும்பாலும் உள்ளே திருகு தளர்ந்திருக்கும், வீட்டில் ஒட்டிப் பயனில்லை.

கேப்பை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வெளியேறும். விழுங்கிய பிறகு இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சில் ஏதோ அடைத்தாற்போல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அது நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால் திருச்சியில் இருக்கும்போது கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் பல் கிளினிக்கைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.