அம்மாவுக்குப் பத்திரிகை வாங்கிக் கொடுங்கள், கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும்

கேள்வி இது: "அம்மாவுக்கு 54 வயது. வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார், ஆனால் சின்னப் பசங்களோடு வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறார். பத்திரிகை, புத்தகம் பார்த்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

இருக்கிறேன். ஆனால் பத்திரிகை மட்டுமே கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். பத்திரிகையும் அப்பாவின் மாங்காய் மண்டிக் கணக்கும் சேர்ந்துதான் கற்றுக்கொடுத்தன.

வருடம் 2001. எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004 பிப்ரவரியில்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கம்ப்யூட்டர் வகுப்பு என்றால் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும், கட்டணம் ஆயிரக்கணக்கில், சாயங்கால வகுப்பு முடிந்து டவுன் பஸ் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிடும். அப்பா சம்மதிக்கவில்லை. ஆனால் அதே அப்பாதான், தெரிந்தவர் ஒருவர் டிடிபி கடையை (கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கும் கடை) மூடியபோது, அவரிடமிருந்து ஒரு செலரான் கம்ப்யூட்டரை 16,000 ரூபாய்க்கு வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். 64 எம்பி ராம், 10 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 98. மண்டிக்காரர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள், நாமும் வாங்கினோம், அவ்வளவுதான் அவர் கணக்கு. யார் ஓட்டுவது என்று யோசிக்கவே இல்லை. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பழைய புடவைத் துண்டால் மூடி, இரண்டு மாதம் அது அப்படியே இருந்தது.

அப்போது 'தமிழ் கம்ப்யூட்டர்' என்று மாதமிருமுறை ஓர் இதழ் வரும். தினமலரோடு திங்கட்கிழமை 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் கிடைக்கும். சரக்கு விஷயமாகக் கிருஷ்ணகிரி போகும்போதெல்லாம் அப்பா பஸ் ஸ்டாண்டு கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கி வருவார். பழைய இதழானாலும் பரவாயில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் மாட்டிக்கொண்டது டபுள் கிளிக்கில். இரண்டு தடவை தட்டுவதற்குள் மவுஸ் நகர்ந்துவிடும், ஐகான் (திரையில் இருக்கும் சின்னப் படம்) திறக்காமல் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாதவர்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று தெரிந்தவர்களுக்குப் புரியாது. சாலிடேர் விளையாடிப் பழகுங்கள், சீட்டை இழுத்து வைக்கப் பழகினால் கை நிற்கும் என்று ஓர் இதழில் போட்டிருந்தார்கள். சாலிடேர் 1990-இல் விண்டோஸ் 3.0 வந்த காலத்திலிருந்தே கூட வருகிற விளையாட்டு. நான் ஆடிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். "ஏம்பாப்பா, சீட்டாடறதுக்கா பதினாறாயிரம் குடுத்தேன்?" பத்திரிகையைத் திறந்து அந்தப் பத்தியைக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுதும் படித்துவிட்டு, "சரி, ஆடு" என்று போய்விட்டார். (டபுள் கிளிக் வரவே இல்லை என்றால் ஐகானை ஒரு தடவை தொட்டுவிட்டு என்டர் தட்டினால் போதும். இதை உங்கள் அம்மாவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.)

இரண்டாவது பயம் கரண்ட். எங்கள் ஊரில் போவதும் வருவதும் சொல்லிக்கொள்ளாது. அப்படிப் போய் வந்தால் விண்டோஸ் 98 நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓட ஆரம்பிக்கும், கம்ப்யூட்டரைச் சரியாக அணைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் கண்டிக்கும். நான் அதை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இரண்டு நாள் பக்கத்திலேயே போகவில்லை. அந்த நீலத் திரை வந்தால் பயப்படாதீர்கள், அது ஹார்டு டிஸ்க்கைச் சரிபார்க்கிறது, முடியும்வரை விடுங்கள் என்று பழைய இதழ் ஒன்றின் கேள்வி பதில் பகுதியில் படித்த பிறகுதான் உயிர் வந்தது.

அன்றிலிருந்து எந்த இதழ் வந்தாலும் முதலில் கேள்வி பதில் பக்கத்தைத்தான் திருப்புவேன். பாடக் கட்டுரைகளில் எல்லாம் சரியாகவே நடக்கும். இதை அழுத்துங்கள், அது வரும். நம் வீட்டில் அது வராது. ஏன் வரவில்லை என்பது கேள்வி கேட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒருவருக்கு பிரிண்டர் வெறும் தாளைத் துப்பும், இன்னொருவருக்கு, திரையின் அடியில் இருக்க வேண்டிய டாஸ்க்பார் பட்டை மேல்பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். நம்மைப் போலவே முட்டி மோதுகிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள் என்று தெரிவதே ஒரு தைரியம்.

பாடக் கட்டுரையோடு ஒரு முறை நாள் கணக்கில் மல்லுக்கட்டினேன். ஒரு மெனுவைத் திறந்து இன்ன கட்டளையைத் தேர்ந்தெடுங்கள் என்று இருந்தது. என் திரையில் அந்த வரியே இல்லை. எனக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். விஷயம் என்னவென்றால், என்னிடம் இருந்தது ஆஃபீஸ் 2000 (வேர்டு, எக்செல் எல்லாம் சேர்ந்த தொகுப்பு), கட்டுரை அதற்கு முந்தைய பதிப்புக்கு எழுதப்பட்டது. ஆஃபீஸ் 2000, நாம் அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனுவிலிருந்து மறைத்து வைத்துவிடும். மெனுவின் அடியில் கீழ்நோக்கி ஒரு சின்ன இரட்டை அம்பு இருக்கும், அதைத் தொட்டால்தான் மிச்சம் விரியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவரிடமிருந்து ஒளித்து வைப்பது யாருக்கு வசதி என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அம்மாவுக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும், அது எந்தப் பதிப்புக்கு எழுதியது, வீட்டில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் எக்செல், கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுகிற மென்பொருள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கம்ப்யூட்டர் எனக்குப் பிடிபட்டது இங்கேதான்.

பத்திரிகையில் எக்செல் பாடத்துக்கு மாணவர் மதிப்பெண் பட்டியல்தான் உதாரணம். எந்த இதழை எடுத்தாலும் ஐந்து மாணவர், ஐந்து பாடம். எனக்கு அதில் ஒட்டவே இல்லை. மே மாதம், சீசன் சூடு பிடித்திருந்தது. அப்பாவின் துண்டுச் சீட்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு விவசாயி பெங்களூரா ரக மாங்காய் 840 கிலோ போட்டிருக்கிறார், கிலோ 6 ரூபாய். மொத்தம் 5,040. கமிஷன் நூற்றுக்குப் பத்து, 504. இறக்குக் கூலி 60. அவர் கைக்கு 4,476. மாணவர் பெயர் இருந்த இடத்தில் விவசாயி பெயர், தமிழ் இருந்த இடத்தில் கிலோ, ஆங்கிலம் இருந்த இடத்தில் விலை என்று போட்டேன். கீழே கூட்டுவதற்கு, ஆங்கில எம் எழுத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்த மாதிரி ஒரு பொத்தான் உண்டு, ஆட்டோசம். அழுத்தினேன். பூஜ்யம் வந்தது.

இருபது சீட்டு ஏற்றியிருக்கிறேன், மொத்தம் பூஜ்யம். திரும்ப அழுத்தினாலும் பூஜ்யம்தான். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. காலையில் பத்திரிகையில் அச்சாகியிருந்த படத்தையும் என் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் மதிப்பெண்கள் எல்லாம் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றன. என்னுடையவை இடது ஓரத்தில். ஏன் என்று பார்த்தால், நான் ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ஆங்கில எழுத்தில் 'ரூ' என்று சேர்த்து அடித்திருந்தேன். சீட்டில் அப்பா அப்படித்தான் எழுதுவார். ரூபாய் என்று ஓர் எழுத்து சேர்ந்த உடனே எக்செலுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. எழுத்தை அது கூட்டாது. இருபது கட்டத்திலும் 'ரூ'வை அழித்தேன். அழிக்க அழிக்க எண்கள் ஒவ்வொன்றாக வலது பக்கம் தாவின, கீழே மொத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

இதே மாதிரி 3-4 என்று லாட் எண் அடித்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும். இன்றைய எக்செலிலும் இந்த இரண்டு குணமும் அப்படியே இருக்கின்றன.

ஃபிளாப்பியில், அதாவது அப்போது கோப்புகளை எடுத்துப்போகப் பயன்பட்ட சின்னத் தட்டில், நான் பட்ட பாடு தனி. மண்டிக்கு பில் புத்தகம் அச்சடிக்க ஒரு மாதிரி தயார் செய்து, டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை ஃபிளாப்பியில் காப்பி செய்துகொண்டு கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது வெறும் ஷார்ட்கட். சரக்கு உங்க வீட்லயே இருக்கு" என்றான். ஐகானின் மூலையில் வளைந்த அம்பு இருந்தால் அது கோப்பு இல்லை, கோப்பு இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுகிற பலகை. 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஒரு கேபி பலகையை மட்டும் சுமந்துகொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். மறுபடி போனபோது கோப்பு இருந்தது, எழுத்து இல்லை. நான் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் 'அம்மா' என்று தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கிலம், மேலே தமிழ் முகமூடி, அவ்வளவுதான். மூன்றாவது தடவை எழுத்துருவையும் ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு போனேன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு பரவிய பிறகு இந்தத் தொல்லை போயே போய்விட்டது, உங்கள் அம்மாவுக்கு இது வராது. இப்போது விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம்.

யூடியூப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது, நானே பார்க்கிறேன். ஆனால் புதியவருக்கு அதில் ஒரு சிக்கல். வீடியோவை நிறுத்தவும், பின்னால் தள்ளவும், வேறு ஜன்னலுக்குப் போகவும் தெரிந்தால்தான் வீடியோ பார்த்துப் பழக முடியும். அதைத்தானே அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை? காகிதம் கீபோர்டுக்குப் பக்கத்தில் திறந்தபடி கிடக்கும், ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க முயற்சி பண்ணலாம். மாதத்துக்கு இரண்டு இதழ்தான் என்பதும் எனக்கு நல்லதாகவே போயிற்று. அடுத்தது வருவதற்குள் கையில் இருப்பதை நாலு தடவை செய்து பார்த்துவிடுவேன்.

இன்று கடையில் புது இதழ் கிடைக்கவில்லை என்றால் பழைய புத்தகக் கடையில் தமிழில் ஓர் அறிமுகப் புத்தகம் தேடுங்கள், பதிப்பு ஓரளவு ஒத்துப்போனால் போதும். அதற்கு முன்னால் அந்தப் பழைய டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 10 என்றால் அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணக்கெழுத, தட்டச்சு பழக தாராளமாகப் போதும், ஆனால் அதில் பேங்க் வேலை எதையும் செய்ய விடாதீர்கள்.

அம்மாவிடம் அவருடைய கணக்கு எது என்று கேளுங்கள். பால் கணக்கு, சீட்டுப் பணம், மகளிர் குழுக் கடன், எதுவாக இருந்தாலும் சரி. அந்த ஐந்து மாணவர் பட்டியலைத் தள்ளிவிட்டு முதல் நாளே அதை ஏற்றச் சொல்லுங்கள். நோட்டில் அவர் கைப்பட எழுதட்டும்: என்ன செய்தேன், என்ன வந்தது, எங்கே நின்றது. திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை அவருக்குக் கேட்கிற மாதிரியே தமிழில் எழுதிக்கொள்ளட்டும். என் நோட்டில் 'சேவ் ஆஸ்' என்பது 'சேவாசு' என்றுதான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. அவர் தடுமாறும்போது மவுஸை வாங்கி நீங்கள் செய்து காட்டாதீர்கள். வாயால் சொல்லுங்கள், கை அவருடையதாக இருக்கட்டும்.