மஞ்சத்தூள் போட்டேன், ரெசின் சிவந்துடுச்சு!

எபாக்ஸி ரெசினுக்கு, அதாவது ஹார்ட்னர்ங்கிற இன்னொரு திரவத்தைக் கலந்து ஊத்தினா கெட்டியாகிற பிசினுக்கு, கலர் சேர்க்கிறது பத்திக் கேட்டவங்களுக்கு, சேலம் அஸ்தம்பட்டியிலேர்ந்து பதில்.

அம்மாபேட்டை: அக்கா, டம்ளருக்கு அடியில வைக்கிற கோஸ்டருக்குச் சமையல் மஞ்சத்தூள் போட்டேன். ஹார்ட்னர் ஊத்தினதும் செங்கல் கலராயிடுச்சு. ரெசின் கெட்டுப்போச்சா?

இல்ல கண்ணு. ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு கரைச்சா சிவக்குதே, அதே வேலைதான். ஹார்ட்னர்ல இருக்கிற அமீன்ங்கிற கெமிக்கலும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது. இன்னொண்ணு, மஞ்சக்கறை பட்ட துணி வெயில்ல வெளுக்கும் இல்லையா? கோஸ்டரும் அப்படித்தான் வெளுக்கும். மஞ்ச பிக்மென்ட் பேஸ்ட், அதாவது ரெசினுக்குப் போடுற கலர் விழுது, வாங்கிக்கோங்க.

ஏற்காடு: டிசம்பர்ல ஊத்தின கறுப்பு ட்ரே மேல பிசுபிசுன்னு வெள்ளைப் படலம். கலரைக் கூட்டணுமா?

கூட்டிடாதீங்க, கலர்ல குறையே இல்ல. குளிரும் பனி ஈரமும் சேர்ந்தா, ஹார்ட்னர் அமீன் காத்துல இருக்கிற ஈரத்தோடயும் கார்பன் டை ஆக்ஸைடோடயும் சேர்ந்து மேல மெழுகு மாதிரி படியும். நல்லா இறுகினதும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவுங்க. காய்ஞ்ச பிறகு உப்புத்தாள் போட்டு, மெல்லிசா இன்னொரு கோட். கழுவாம உப்புத்தாள் போட்டா மெழுகு இன்னும் உள்ள ஏறும். அடுத்த தடவை ஜன்னலைச் சாத்தி, ரூமை 22 டிகிரிக்குக் கீழ போகாம வச்சுக்கோங்க. ரெசின் பாட்டிலை மூடியோட பத்து நிமிஷம் சுடுதண்ணியில நிறுத்துங்க. வெளிய எடுத்ததும் வாய்ப்பக்கம் நல்லாத் துடைக்கணும். நான் ஒருதடவை துடைக்காம சாய்ச்சு, கழுத்துல நின்ன ஒரே சொட்டு கப்புல விழுந்து, ட்ரே நடுவுல சோறு வடிச்ச கஞ்சி மாதிரி ஒரு திட்டு. இன்னும் வச்சிருக்கேன்.

செவ்வாப்பேட்டை: லாக்கெட்ல போட்ட மினுமினு மைக்கா பவுடர் எல்லாம் அடியில உக்காந்துக்குது.

மைக்கா ரெசினைவிட கனம். தண்ணியா இருக்கும்போதே ஊத்தினா அடிக்குத்தான் போகும். கொஞ்சம் காத்திருங்க. குச்சியில தூக்கினா அதிரசப் பாகு மாதிரி இழுபடணும், அப்ப ஊத்துங்க. ஆனா மே மாசச் சேலம் வெயில்ல கப்பை விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க. கப்பு கையில சுட ஆரம்பிச்சா நேரம் முடிஞ்சுது.

ஆத்தூர்: கேசரி பவுடர், அக்ரிலிக் பெயிண்ட் போடலாமா?

கேசரி பவுடரைத் தண்ணியில கரைச்சுப் போட்டா சேராது, புள்ளி புள்ளியா நிக்கும். அக்ரிலிக் ரெண்டு மூணு சொட்டு தாங்கும். அதிலயும் தண்ணிதான், கூடினா ரப்பர் மாதிரி வளையும்.

மேட்டூர்: எவ்வளவு கலர், எப்பப் போடணும்?

எந்தக் கலரானாலும் 100 கிராம் கலவைக்கு 5 கிராமைத் தாண்டாதீங்க. மைக்கான்னா 2 கிராமே பளபளன்னு இருக்கும். ஒரே கலர்னா முதல்ல ரெசின்ல கலக்கி, அப்புறம் ஹார்ட்னர். நாலு கலர்னா ரெண்டையும் கலந்துட்டு நாலு கப்பாப் பிரிங்க. இல்லன்னா ஒவ்வொரு கப்புக்கும் ஹார்ட்னரை எடை போட்டே சாயங்காலம் ஆயிடும். ஆல்கஹால்ல கரைச்ச கலரான ஆல்கஹால் இங்க் ஊத்தின கையோட நெருப்பு டார்ச் காட்டாதீங்க, தீப்பிடிக்கும்.

சூரமங்கலம்: போன வருஷம் செஞ்ச நீலக் கடல் ட்ரே பச்சையாத் தெரியுது, கண்ணுல கோளாறா?

கண்ணுல ஒண்ணும் இல்லண்ணா. வெயில் பட்டா ரெசினே மஞ்சளாகும். நீலத்து மேல மஞ்ச ஏறினா பச்சைதானே? ஜன்னல் ஓரம் வச்சிருந்தீங்களா?