ஷேவிங் பெட்டிக்குள் எட்டு வருஷம்

கேள்வி: மதிப்புக்குரிய அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 56. 1996-இல் துபாய்க்குப் போனேன், ஏ.சி. மெக்கானிக்காக. கடைசிப் பத்து வருஷம் சூப்பர்வைசர். 2024-இல் விசாவை கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். 1998-இல் லீவில் வந்தபோது கல்யாணம். அதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. மகனும் மகளும் படித்து முடித்துவிட்டார்கள். மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு. வீடு கட்டியாச்சு. கடன் கிடையாது.

பிரச்சினை என்னவென்றால், வீட்டில் நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். நான் தப்பாக ஒன்றும் சொல்வதில்லை. அங்கே ஜீப்ரா கிராஸிங்கில் ஆள் கால் வைத்தால் வண்டி நிற்கும், இங்கே ஏற்றிவிடுவான். அங்கே மெட்ரோவில் ஒரு மிட்டாய்த் தாள் கிடக்காது, இங்கே பஸ் ஸ்டாண்டில் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா? கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறேன்! மகன் என்னை "துபாய் நியூஸ்" என்று கிண்டல் செய்கிறான். மனைவி பதிலே பேசுவதில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நேற்றுகூட டீயில் சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தாள். எனக்கு 2016-லிருந்து சுகர். வீட்டில் கவலைப்படுவார்கள் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை லீவில் வந்தபோதும் மாத்திரையை ஷேவிங் பெட்டியில்தான் வைத்திருந்தேன். இங்கே வந்த பிறகு ஒரு நாள் மயக்கம் வந்ததால் தெரிந்துபோனது. அதனால் அவளுக்கு இன்னும் பழகவில்லை. அது போகட்டும். 28 வருஷம் இவர்களுக்காகத்தானே உழைத்தேன்? ஷார்ஜாவில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் கம்பெனிக்கு வரச் சொல்கிறார். மதிக்காத வீட்டில் இருப்பதைவிடத் திரும்பப் போய்விடலாமா?

— பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

பதில்: அது எப்படிப் போகும்?

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. மரியாதை இல்லை, பேச்சைக் கேட்பதில்லை, பணம் வந்தவரைக்கும் அப்பா, இப்போது பாரம். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டால் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கும். அவர்களுக்கெல்லாம் "கொஞ்சம் பொறுங்கள், பழகிவிடும்" என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அதை எழுதப் போவதில்லை. எட்டு வருஷம் ஒரு வியாதியை ஷேவிங் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, அதை மிட்டாய்த் தாளுக்கும் ஷார்ஜா வேலைக்கும் நடுவே ஒரு வாக்கியமாகச் செருகி, "அது போகட்டும்" என்று தாண்டிப் போகிறீர்களே, என்னால் தாண்ட முடியவில்லை.

முதலில் துபாய்க் கதையை முடித்துவிடுவோம். நீங்கள் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் 400 திர்ஹம் அபராதம், மெட்ரோவில் எதையாவது தின்றால் 100 திர்ஹம். மிட்டாய்த் தாள் கிடக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வீட்டில் சொன்னீர்களா? நீங்கள் ஊர் திரும்பிய அதே 2024-இல், ஏப்ரல் 16-ஆம் தேதி பெய்த மழையில் துபாய் விமான நிலைய ஓடுபாதையே குளமாகிக் கிடந்ததே, அதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். பிறந்த வீட்டுப் பெருமை பேசும் மருமகளும் அங்கே கூரை ஒழுகியதைச் சொல்ல மாட்டாள். அதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூரை விட்டு வந்து நாற்பது வருஷமாகிறது, இந்த ஊர் காபியை நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் வீட்டாருக்கு துபாயைப் பற்றி நிறையத் தெரியும். புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் என்பது உங்கள் மகனுக்கு மனப்பாடமாக இருக்கும். மெட்ரோ 2009-இல் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி ஓட ஆரம்பித்தது என்று நீங்களே பத்துத் தடவை சொல்லியிருப்பீர்கள். நீங்கள் போனபோது ஒரு திர்ஹம் ஒன்பதரை ரூபாய்க்குப் பக்கம், திரும்பும்போது இருபத்திரண்டைத் தாண்டிவிட்டது, அந்தக் கணக்கு உங்கள் மனைவிக்கு விரல் நுனியில் இருக்கும். அப்பா எந்தக் கட்டிலில் படுத்தார் என்று தெரியுமா? மேல்கட்டிலா, கீழ்க்கட்டிலா? அறையில் எத்தனை பேர்? ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேல் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே ஒரு விதி உண்டு. பன்னிரண்டரைக்கு முன்னால் மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் உட்கார்ந்து கேஸ் ஏற்றியவன் உடம்பு எப்படி இருக்கும் என்று ஒரு நாள் சொன்னதுண்டா?

வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காத ஊர் அது. ஐமோ, பாட்டிம் என்று தேடிப் பிடித்து வீடியோவில் பேசியிருப்பீர்கள். பின்னால் கொடியில் தொங்கும் துணியும் அடுக்குக் கட்டிலும் தெரியாமல் போனைச் சாய்த்துப் பிடிப்போம் என்று எத்தனையோ பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். நீங்களும் பிடித்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படிச் சாய்த்துச் சாய்த்து, ஊரைக் காட்டினீர்கள், உங்களைக் காட்டவில்லை. இப்போது நேரில் வந்து உட்கார்ந்தும் அதையேதான் செய்கிறீர்கள். உங்கள் மகன் வைத்த பெயர் குறும்பாக இருக்கலாம், பொருத்தமாக இருக்கிறது. நியூஸ் வாசிப்பவர் தன் உடம்புக்கு என்ன என்று சொல்ல மாட்டார்.

சரி, சர்க்கரைக்கு வருகிறேன்.

துபாயில் முதலாளி தன் ஆட்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற 2013-ஆம் வருஷச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில்தான் உங்களுக்கு வியாதி தெரிந்திருக்கிறது. அந்தக் கார்டு கையில் வந்த பிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்களோ என்னவோ. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளினிக் வாசலில் நின்றபோது யாருக்குப் போன் செய்தீர்கள்? யாருக்கோ செய்திருப்பீர்கள். அன்று ராத்திரி மெஸ்ஸில் யாரோ ஒருவர் உங்கள் தட்டில் சோற்றைக் குறைத்து வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்தது. கட்டிய மனைவிக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று லீவு, ஆறு மாதம். லீவில் வந்தவருக்கு நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு நாள் மாமியார் வீட்டு விருந்து, ஒரு நாள் நாத்தனார் வீட்டு விருந்து, போகிற இடமெல்லாம் பாயசம். ஊருக்குப் போகும்போது கட்டிக் கொடுக்க அதிரசம். காலையில் எழுந்ததும் ஏலக்காய் தட்டிப் போட்டு, தூக்கலாகச் சர்க்கரையோடு டீ. குடித்தீர்கள், அல்லவா? குடித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் மாத்திரையை விழுங்கினீர்கள்.

ஒரு நாள் நீங்கள் மயங்கி விழுகிறீர்கள். அவர் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, யாரையோ வண்டி எடுக்கச் சொல்லி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடுகிறார். அங்கே டாக்டர் கேட்கிறார்: "எத்தனை வருஷமா சுகர்?" பக்கத்தில் நிற்கும் மனைவி "சுகரெல்லாம் கிடையாதுங்க டாக்டர்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்த நிமிஷத்தில் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வழியில்லை. ஒவ்வொரு லீவிலும் என் கையாலேயே கலந்து கொடுத்தேனே என்று அவர் எத்தனை ராத்திரி புரண்டு படுத்திருப்பார் என்று யோசித்தீர்களா? அவரைக் கவலையிலிருந்து காப்பாற்றியதாக எழுதுகிறீர்கள். அவருக்கே தெரியாமல் அவர் கையாலேயே உங்களுக்குக் கெடுதல் செய்ய வைத்திருக்கிறீர்கள். எனக்கு இதில் தியாகம் எதுவும் தெரியவில்லை.

"கவலைப்படுவார்கள் என்று சொல்லவில்லை" என்ற இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கவலைப்பட ஒருத்தி வேண்டும் என்றுதானே கல்யாணம்? மாசம் பிறந்தால் பணம் அனுப்பினீர்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். அதில் ஒரு பைசா குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடம்புக்கு என்ன என்பதைக் கட்டியவளிடம் சொல்வதும் கடமைதான், என் கணக்கில் பணம் அனுப்புவதற்கும் முந்திய கடமை.

என் சித்தப்பா ஒருவர் குவைத்தில் இருந்தார். 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே நுழைந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு பஸ்ஸில் பாக்தாத் போய், ஜோர்டான் எல்லையில் பாலைவனக் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்து சேர்ந்தவர். வீட்டில் கேட்டால் "ஒண்ணுமில்ல, நல்லபடியா கூட்டிட்டு வந்துட்டாங்க" என்பதோடு சரி. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில், கூட வந்த ஆள் ஒருவர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதையும், சித்தப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்து பிழைப்பாரா என்று பயந்ததையும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சித்தி இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை" என்பதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டீக்கு வருகிறேன். "இன்னும் பழகவில்லை" என்கிறீர்கள். நான் நம்பவில்லை, தம்பி. நம் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு குடும்பப் பெண்ணுக்கு, ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு வந்த மறுநாளே எந்த டம்ளரில் சர்க்கரை போடக்கூடாது என்று கை பழகிவிடும். இத்தனை மாதம் ஆகியும் அந்தக் கை மறக்கிறது என்றால் ஒன்று, அவருக்குள் இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது. இல்லையென்றால், அந்த மயக்கத்துக்குப் பிறகு நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, டம்ளரை வாங்கிப் பேசாமல் குடித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். நேற்று என்ன செய்தீர்கள்? "சர்க்கரை வேண்டாம்மா" என்று சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைத்தது நீங்கள் மட்டுமாக இருக்காது. பட்டுக்கோட்டைப் பக்கம் என்கிறீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது அநேகமாக நீங்கள் அங்கேதான் இருந்திருப்பீர்கள். எத்தனை தென்னை சாய்ந்தது என்று போனில் கேட்டிருப்பீர்கள், அவரும் எண்ணிச் சொல்லியிருப்பார். ஓடு பறக்கும் சத்தத்தில் பிள்ளைகளை எந்த மூலையில் உட்காரவைத்தார், கரண்ட் இல்லாத அத்தனை வாரம் தண்ணீருக்கு என்ன செய்தார்? "நாங்க நல்லாருக்கோம், நீங்க சாப்பிட்டீங்களா" என்று முடித்திருப்பார். அவரிடமும் ஒரு ஷேவிங் பெட்டி இருக்கிறது. 1998-லிருந்து பதின்மூன்று லீவு, இருபத்தாறு மாதம். கல்யாணம் நடந்து நீங்கள் திரும்பி வரும்வரை இருபத்தாறு வருஷம். வருஷத்துக்கு ஒரு மாதம்தான் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறீர்கள். அந்த மாதத்தில் அவர் பெட்டியைத் திறக்க நேரம் எங்கே?

ஷார்ஜா? கடன் இருந்தால், மகள் கல்யாணம் பாக்கி இருந்தால், போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். எதுவும் பாக்கி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 56 வயதில், சுகரை வைத்துக்கொண்டு, அடுத்தவர் சமையலை நம்பி மறுபடியும் ஒரு கட்டில் வாடகைக்குப் பிடிப்பது உழைப்பில் சேராது. டீயை வேண்டாம் என்று சொல்லப் பயந்துகொண்டு விமானம் ஏறுவதுதான் அது. போகாதீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துபாய் கிளினிக் காகிதம் ஒன்றுவிடாமல் எடுத்து மேஜைமேல் வையுங்கள். அவரை உட்காரச் சொல்லி, எந்த வருஷம் எவ்வளவு இருந்தது, எப்போது மாத்திரை கூடியது என்று முதலிலிருந்து படித்துக் காட்டுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் அங்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு சுத்தம் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் அழுதால் எழுந்து வெளியே போகாதீர்கள். அன்றைக்கே முடியாது, இரண்டு மூன்று ராத்திரி ஆகும். மேல்கட்டில், கீழ்க்கட்டில் கதையெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

பிறகு டாக்டரிடம் இரண்டு பேரும் போங்கள். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி பாருங்கள். கண் விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் மூன்றையும் வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டும். மாத்திரைக்கு ஒவ்வொரு மாதமும் அலைய வேண்டாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். துபாயில் இல்லாதது இங்கே ஏதாவது இருக்கிறதா என்று மகன் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் மனைவிக்குச் சுகர் இருக்கிறதா, இல்லையா? நீங்கள் எழுதவில்லை. பார்த்ததே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் ஐம்பதை ஒட்டித்தான் வயது இருக்கும். வருகிற வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும், அதனால் அன்று காலை டீ தகராறும் இருக்காது.