பழைய அம்ப் (பாட்டுப் பெட்டி அம்பிளிபயர்) என்ன விலை பெறும்? கேட்டவைக்குச் சொன்னது

நல்லூர்த் தம்பி ஒராள்: அண்ணை, கனடாவில இருந்து திரும்பி வந்த ஒருத்தர் மரான்ஸ் 2270 எண்ட பழைய அம்ப் ஒண்டை விக்கிறார். ஈபேயில கிடக்கிற விலையைக் காட்டி அதே காசு கேக்கிறார், குடுக்கலாமோ?

அது கேக்கிற விலை தம்பி, வித்த விலை இல்லை. வித்து முடிஞ்சதுகளை மட்டும் தனியப் பிரிச்சுப் பாக்கலாம், அதைப் பாருங்கோ. அதிலயும் கூடின விலைக்குப் போனது அனேகமா சேர்விஸ் செய்து உத்தரவாதம் குடுத்து வித்த பெட்டியாத்தான் இருக்கும். பிறகு அதில இருந்து கழிக்கத் தொடங்குங்கோ. முதல் கழிவு கரண்ட், அங்க 120 வோல்ற், எங்களுக்கு 230. பின்பக்கத்து லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, 120 மட்டும்தான் எண்டால் 230ஐ 120 ஆக்கிற ஸ்டெப்டவுண் ரான்ஸ்போமர் வேணும், லேபிளில இருக்கிற வோட்ஸை விட ஒண்டரை மடங்காவது பெரிசா. அங்க 60 ஹேர்ட்ஸ், இங்க 50, அதை ஸ்டெப்டவுண் மாத்தாது, அதால அம்புக்குள்ள இருக்கிற ரான்ஸ்போமர் கொஞ்சம் கூடச் சூடாகும், சிலது இரையும். 2270 எழுபதுகளில வந்த சாமான், கப்பாசிற்றர் (கரண்டைத் தேக்கி வைக்கிற, வயசு போகப் பழுதாகிற பாகம்) இன்னும் மாத்தேல்லையெண்டால் அந்தச் செலவையும் கழியுங்கோ. மிஞ்சிறதுதான் விலை. அவர் கோவிச்சால் கோவிக்கட்டும்.

சுன்னாகத்தில இருந்து: விக்கிற ஆளின்ர வீட்டை போய் என்னத்தைப் பாக்கிறது? எனக்கு எலக்ட்ரோனிக்ஸ் தெரியாது.

மல்ரிமீற்றர் பிடிக்கத் தெரிஞ்சால் காணும். போக முதலே போன் அடிச்சு, நான் வருமட்டும் அம்பைப் போடாதேங்கோ எண்டு சொல்லுங்கோ. சில கோளாறு குளிரிலதான் தெரியும், சிலது அரை மணித்தியாலம் ஓடிச் சூடேறினாப் பிறகு. ஸ்பீக்கரைக் கழட்டி, வொலியூமைக் குறைச்சு, மீற்றரை டிசி மில்லிவோல்ற்றில வைச்சு ஸ்பீக்கர் கொழுவிற சிவப்பிலயும் கறுப்பிலயும் பிடியுங்கோ, ரெண்டு பக்கமும். 50க்குள்ள நிண்டால் பயமில்லை. 100ஐத் தாண்டினால் றீப்பெயர் செலவைக் கழிச்சுப்போட்டுக் கதையுங்கோ. வோல்ற் கணக்கில காட்டினால் உங்கட ஸ்பீக்கரை அதில கொழுவவே வேண்டாம். பிறகு மெல்லிசாப் பாட்டைப் போட்டுக் கேளுங்கோ, ஒரு பக்கம் செத்துக் கிடந்து சத்தம் கூட்டேக்க உயிர் வந்தால் அனேகமா ஸ்பீக்கரை இணைக்கிற ரிலே சுவிட்சில பிடிப்பில்லை, சின்ன வேலைதான், ஆனா விலை குறைக்க நல்ல சாட்டு. திருகிற குமிழ் கரகரத்தாலும் அப்பிடித்தான், அழுக்கெடுக்கிற கொன்ராக்ட் கிளீனர் ஸ்பிறே அடிக்கப் போயிடும்.

நான் ஒருக்கா கரண்ட் கட் நேரம் போய், ஆளை நம்பி ஒரு சன்சூய் அம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, இரவு போட்டால் இடப்பக்கம் ஊமை. தொண்ணூறுகளில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட எனக்கே அண்டைக்குப் புத்தி வேலை செய்யேல்லை.

கொக்குவில்: எல்லாக் கப்பாசிற்றரும் புதுசு எண்டு சொல்லிக் கூடக் கேக்கினம், நியாயமோ?

ஆர் மாத்தினது, என்ன போட்டது, கழட்டினது எங்க? மூண்டுக்கும் பதில் இருந்தால் கொஞ்சம் கூடக் குடுக்கலாம். மூடியைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ. ஸ்பீக்கரை ஓட்டிற அவுட்புட் ரான்சிஸ்ரரில இடப்பக்கம் ஒரு எழுத்து, வலப்பக்கம் வேற எழுத்து எண்டால் அது ஒருக்கா எரிஞ்சு எழும்பின பெட்டி. 5200, 1943 எண்ட ரான்சிஸ்ரர் சோடியில போலி கனக்க உலாவுது, பாட்டுப் படிக்கும், சத்தத்தைக் கூட்ட எரியும். அப்பிடி ஒண்டுக்கு நான் பாதி விலைக்கு மேல குடுக்கமாட்டன்.

குருநகர்: வெளியால பளபளப்பா இருக்கு, உள்ளுக்குத் துரு.

கடல் காத்து. ஸ்குரூவில மட்டும் எண்டால் பரவாயில்லை, உள்ளுக்கு இருக்கிற சேர்கிட் போட்டில பச்சை பூத்திருந்தால் விட்டிட்டு வாங்கோ.

திருநெல்வேலித் தங்கச்சி: 20 வோட் எண்டு போட்டிருக்கிற பழைய நாட் (NAD) 3020 அம்புக்கு இவ்வளவு கேக்கினம், 2000 வோட் புதுப்பெட்டி அதிலும் மலிவு?

அந்த 2000 பெட்டிக்கு வெளியால எழுதின 2000. நாட் 1978இல விட்ட அந்த 20 உண்மையான 20, கதைக்கிற குரல் குரலாவே கேக்கும். வாங்கிற எண்டால் நான் மேல சொன்ன மீற்றர் விளையாட்டை முதல் செய்துபோட்டு வாங்குங்கோ.